லட்ச ரூபாய் டேக்கில் என்ன கேட்கிறது?

ஆடியோ பற்றி இங்கே இரண்டு வரி எழுதினால் போதும், ஒரு வாரத்துக்குள் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "சார், நல்ல டேக் ஒண்ணு சொல்லுங்க. எண்பதாயிரம் வரைக்கும் போகலாம்னு இருக்கேன்." தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே கொட்டிவிடுகிறேன். இனிமேல் கேட்பவர்களுக்கு லிங்க் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம்.

முதலில் பதில். ஒழுங்காகச் செய்த ஆயிரம் ரூபாய் டேக்குக்கும், ஒழுங்காகச் செய்த லட்ச ரூபாய் டேக்குக்கும் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் கிடையாது. அந்த 'ஒழுங்காகச் செய்த' என்பதற்குள் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன்.

டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர், சுருக்கமாக டேக். பாட்டு உங்கள் போனில் வெறும் எண்களாக உட்கார்ந்திருக்கிறது. சிடி தரத்தில் இடது, வலது ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். அந்த எண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றித் தருவதுதான் இதன் வேலை. போன், டிவி, கார் ஸ்டீரியோ, லேப்டாப் என்று சத்தம் போடுகிற எல்லாவற்றிலும் ஒன்று இருக்கிறது. ப்ளூடூத் ஹெட்போன் வைத்திருந்தால் அது உங்கள் காதிலேயே இருக்கிறது. ஆகவே ப்ளூடூத்தில் கேட்டுக்கொண்டே போனுக்குத் தனி டேக் வாங்கலாமா என்று கேட்பவர்கள் இதோடு மூடிவிட்டுப் போகலாம். பணம் மிச்சம்.

டேக் விலைக்கும் ஒலிக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருந்த காலம் ஒன்று உண்டு. 1982 அக்டோபரில் சோனி தன் முதல் சிடி பிளேயரான சிடிபி-101ஐ ஜப்பானில் இறக்கியபோது விலை 1,68,000 யென். அவ்வளவு கொடுத்தும் உள்ளே இருந்தது ஒரே ஒரு டேக். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் அதுவே மாறி மாறி வேலை பார்த்தது. பிலிப்ஸ்காரர்கள் கையில் 16 பிட் சிப்பே இல்லை. 14 பிட் சிப் ஒன்றை வைத்துக்கொண்டு, அதை சிடியின் வேகத்தைவிட நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி, குறைந்த இரண்டு பிட்டைக் கணக்குப் போட்டு மீட்டார்கள். வேறு வழியில்லாமல் செய்த அந்த வேலைதான் பின்னால் மொத்தத் தொழிலையும் மாற்றப்போகிறது என்று அப்போது அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அன்றைய சிக்கல் இதுதான். 16 பிட் என்றால் 65,536 படிகள். ரெசிஸ்டர்களை ஏணியாக அடுக்கி அந்தப் படிகளை உண்டாக்க வேண்டும். மேலே இருக்கிற பெரிய பிட்டின் ரெசிஸ்டர் 65,536-இல் ஒரு பங்கு பிசகினாலே கீழே இருக்கிற கடைசி பிட்டுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். சிப்புக்குள் ரெசிஸ்டர்களை லேசரால் செதுக்கிச் சரிசெய்தார்கள். சூடு ஏறினால் மதிப்பு மாறும், நாளானாலும் மாறும். இந்த நுணுக்கத்துக்குத்தான் காசு. அன்றைக்கு விலையுயர்ந்த டேக் நன்றாக ஒலித்தது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

பிறகு டெல்டா சிக்மா வந்தது. பிலிப்ஸ் தொடங்கிய வழியிலேயே இன்னும் பல படி மேலே போனார்கள். 65,536 படிக்குப் பதில் சில படிகள் மட்டும், ஆனால் நொடிக்குப் பல லட்சம் தடவை. இப்படிச் செய்தால் ஏகப்பட்ட இரைச்சல் வரும். அந்த இரைச்சல் முழுவதையும் கணக்குப் போட்டுக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிட்டு, ஒரு சாதாரண ஃபில்டரால் வெட்டி எறிந்துவிடலாம். நுணுக்கம் ரெசிஸ்டரிலிருந்து கணக்குக்கு மாறிவிட்டது. ரெசிஸ்டரைச் செதுக்கக் காசு ஆகும். சிலிக்கானில் கணக்குப் போட ஆகாது. ஒரு டேக் சிப் இன்று சில நூறு ரூபாய்க்கு அருமையாக வேலை செய்வதன் முழு ரகசியமும் இவ்வளவுதான்.

எவ்வளவு அருமை? ஆப்பிள் விற்கும் யுஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 9 டாலர், இங்கே ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. அந்தச் சின்ன வெள்ளை ஒயரின் முனையில் டேக்கும் குட்டி ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) இருக்கின்றன. கருவி வைத்து அளந்தவர்கள் சொல்வது, அதன் இரைச்சலும் திரிபும் சேர்ந்து இசைக்குக் கீழே 99 டெசிபல் அளவில் கிடக்கின்றன என்று. சதவீதத்தில் 0.001. சிடியின் மொத்தக் கொள்ளளவே 96 டெசிபல் சொச்சம். நல்ல டெஸ்க்டாப் டேக்குகள் 120-ஐத் தாண்டுகின்றன, அதையும் மறுக்கவில்லை. ஆனால் 99-க்கும் 120-க்கும் நடுவில் இருப்பதைக் கேட்பதற்கு உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா?

எங்கள் ஹாலில் ஃபேன் மூன்றில் ஓடும்போது போனிலிருக்கிற மீட்டர் 45-க்கும் 50-க்கும் நடுவே ஆடும். பாட்டை நல்ல சத்தமாக, உச்சத்தில் 95 டெசிபல் வருகிற மாதிரி வைத்தாலும், ஃபேன் சத்தத்துக்கு மேலே மிஞ்சுவது ஐம்பது டெசிபல்தான். காது கெட்டிக்காரக் காது, பின்னணிச் சத்தத்துக்கு அடியிலும் கொஞ்சம் துழாவும். அதற்கும் சேர்த்துத் தாராளமாக இடம் விட்டாலும் 99 வரை போக முடியாது. சரி, சென்னை மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்கிற வீரர் என்றே வைத்துக்கொள்வோம். எழுபதுகளில் பதிவான பாட்டு டேப்பில் பதிவானது. அந்த டேப்பின் இரைச்சலே இசைக்கு அறுபது எழுபது டெசிபல் கீழேதான் இருக்கிறது. ஸ்பீக்கரோ, கீழ் ஸ்தாயியில் ஒரு சதவீதத் திரிபைச் சர்வசாதாரணமாகச் சேர்க்கிறது, அந்த ஆயிரம் ரூபாய் ஒயரைப் போல ஆயிரம் மடங்கு. காய்கறிக் கடையில் தங்க நகைத் தராசைக் கொண்டுவந்து கத்திரிக்காய் நிறுப்பது யாருக்கும் தப்பாகப் படாது என்றால், நானும் ஒன்றும் சொல்லவில்லை.

"எண் எல்லாம் சரி, என் காதுக்குக் கேட்குதே!" இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஏனென்றால் கேட்கத்தான் செய்கிறது. ஏன் கேட்கிறது என்பதில்தான் சுவாரசியம்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு நண்பன். டேக், ஆம்ப் எல்லாம் வாங்கி ஹாலில் ஒரு பக்கச் சுவரையே அடைத்து வைத்திருப்பவன். ஆப்பிள் டாங்கிளையும் (மேலே சொன்ன அடாப்டர்தான்) தன் பெரிய டேக்கையும் காட்டி, "மாப்ளே, ரெண்டையும் மாத்தி மாத்திக் கேளு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றான். கேட்டேன். தெரிந்தது. அவனுடைய பெரிய டேக்கில் வயலின் முன்னால் வந்தது, அடியில் பேஸ் கனமாக நின்றது. ஆப்பிள் டாங்கிளில் எல்லாமே ஒரு அடி பின்வாங்கின மாதிரி இருந்தது.

விஷயம் என்னவென்றால், டாங்கிளின் உச்ச வெளியீடு 1 வோல்ட். அவனுடைய டேக் தருவது 2 வோல்ட். மேசை மேல் வைக்கிற டேக்குகளுக்குப் பொதுவான அளவு அதுதான். இரண்டு மடங்கு வோல்டேஜ் என்றால் 6 டெசிபல் அதிகச் சத்தம். சத்தம் குறையக் குறையக் காதுக்கு பேஸும் உச்ச ஸ்தாயியும் மற்றதைவிட வேகமாக மங்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். ஆகவே ஒரே பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் அது 'சத்தம் கூடிவிட்டது' என்று காதுக்குத் தோன்றுவதில்லை. 'நிறைவாக இருக்கிறது', 'விரிவாக இருக்கிறது' என்று தோன்றும். அரை டெசிபல் வித்தியாசம்கூட இப்படி ஏமாற்றும். ஆறு டெசிபலுக்குக் கேட்கவா வேண்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு ஸ்விட்ச் பாக்ஸை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இரண்டு டேக்கும் உள்ளே, ஆம்ப்புக்கு ஒரே ஒரு ஒயர் வெளியே. முதலில் மாற்றி மாற்றிக் கேட்டதும் அது வழியாகத்தான். அவனுடைய மேக்கில் இரண்டு யுஎஸ்பி கருவிக்கும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் அனுப்ப முடியும். பிறகு 200 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, பாக்ஸின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அளந்தோம். ஆயிரம் ஹெர்ட்ஸ் வேண்டாம், விலை குறைந்த மல்டிமீட்டர்கள் நானூறைத் தாண்டினாலே உளற ஆரம்பித்துவிடும். பெரிய டேக்கின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இரண்டிலும் இரண்டாவது தசமம் வரை ஒரே எண் வரும்படி செய்தோம். 0.1 டெசிபலுக்குள் கொண்டுவர அந்த அளவு பொறுமை தேவை. வோல்டேஜில் அது ஒரு சதவீதம் சொச்சம்தான்.

பாக்ஸை அவன் மனைவியிடம் கொடுத்துவிட்டு நாங்கள் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டோம். அவர் தன் இஷ்டத்துக்கு மாற்றுவார், எது ஓடுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வார், வாய் திறக்க மாட்டார். பாட்டு நண்பன் தேர்வு: 1986-இல் வந்த இளையராஜாவின் ஹவ் டு நேம் இட். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அவனுக்கு மனப்பாடம். முதல் சில தடவை "இது பெருசு", "இது டாங்கிள்" என்று டக்கு டக்கென்று சொன்னான். அப்புறம் யோசிக்க ஆரம்பித்தான். அப்புறம் இன்னொரு தடவை போடச் சொன்னான். தாளைப் பார்த்தால், பூவா தலையா போட்டிருந்தாலும் இதே மாதிரிதான் வந்திருக்கும். என்னுடையதும் அப்படியே. நடுவில் ஒருமுறை மாற்றாமலே மாற்றிய மாதிரி பாக்ஸைத் தட்டியிருக்கிறார். அப்போதும் இவன் ஒரு வித்தியாசம் சொல்லியிருக்கிறான். "அண்ணா, இவர் சட்டைக் கடையிலயும் இப்படித்தான்" என்றார் அந்தப் பெண்.

நண்பன் விடவில்லை. "உன் பாக்ஸ்தான்டா சவுண்டைக் கெடுக்குது." முதல் ரவுண்டில் எல்லா வித்தியாசமும் தெரிந்தபோதும் இதே பாக்ஸ்தானே நடுவில் இருந்தது என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அடுத்ததற்குப் போனான்: "இப்படி பரீட்சை வச்சா டென்ஷன்ல எதுவும் கேட்காது. மாசக்கணக்குல வீட்ல நிம்மதியா கேட்டாத்தான் தெரியும்."

இந்த இரண்டாவது வாதத்தைப் பலரும் சொல்வார்கள். பதில் சொல்லவும் கஷ்டமாக இருந்தது, 2022 வரை. அந்த வருஷம் ஜூலையில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்து ரெக்கார்டுக் கடைக்காரர் ஒருவர் யூடியூபில் ஒரு குண்டைப் போட்டார். மொபைல் ஃபிடெலிட்டி என்ற கம்பெனி, மூல டேப்பிலிருந்து நேராக வினைல் வெட்டுவதாக ரசிகர்கள் கொண்டாடிய கம்பெனி, நடுவில் டிஜிட்டலைப் பயன்படுத்துகிறது என்றார். கம்பெனி அவரை கலிஃபோர்னியாவுக்கே அழைத்தது. அங்கே இருந்த பொறியாளர்கள் கேமராவுக்கு முன்னால் ஒப்புக்கொண்டார்கள். 2011-இலிருந்தே பல ரெக்கார்டுகளுக்கு டேப்பை டிஎஸ்டி என்ற டிஜிட்டல் கோப்பாக மாற்றி, அதிலிருந்துதான் வெட்டியிருக்கிறார்கள். அதாவது எண்ணாகப் போய், ஒரு டேக் வழியாக மறுபடி அனலாக் ஆகி, அப்புறம்தான் வினைல். அவற்றில் ஒரு வரிசையில் ரெக்கார்டு ஒன்றின் விலை 125 டாலராக இருந்தது. வழக்கு நடந்தது, பணத்தைத் திருப்பித் தருவதாகச் சமரசமும் ஆயிற்று.

வழக்கு கிடக்கட்டும். பத்து வருஷத்துக்கு மேல், உலகத்தின் மிக நல்ல ஸ்பீக்கர்களில், பரீட்சையும் இல்லாமல் டென்ஷனும் இல்லாமல், தங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்து கேட்டவர்கள் "ஆகா, இதுதான் அசல் அனலாக்" என்று எழுதிக் குவித்திருக்கிறார்கள். டிஜிட்டல் வாடை அடிக்கிறது என்று காதை நம்பிக் கம்பெனியை மடக்கிப் பிடித்தவர் யாரும் இல்லை. கேட்டுக் கண்டுபிடிக்கவில்லை, சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் வைத்திருந்தது மலிவுக் கருவி இல்லைதான். ஆகவே ஆயிரம் ரூபாய் டாங்கிளுக்கு இது நேரடிச் சாட்சி ஆகாது. ஆனால் 'மாசக்கணக்கில் கேட்டால் தெரியும்' என்ற வாதத்துக்கு இதற்குமேல் பெரிய பரீட்சை யாரும் வைக்க முடியாது.

முறையான ஆய்வுகளும் உண்டு. பாஸ்டனில் மேயர், மொரான் என்ற இருவர் 2007-இல் வெளியிட்டது பிரபலம். உயர்தரப் பதிவுகளை அப்படியே ஒருமுறை, சிடி தரத்துக்குக் குறுக்கி மறுபடி அனலாக் ஆக்கி ஒருமுறை என்று கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. பாதிக்கும் ஒரு துளி கீழே. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 2016-இல் 18 ஆய்வுகளைத் திரட்டிக் கூட்டிப் பார்த்ததில் 52.3 சதவீதம் சரியான பதில் வந்தது. ஊகத்தால் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதல், பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் கூடுதல். அது டேக் விலை பற்றிய ஆய்வு இல்லை, சிடியைவிட உயர்ந்த தரம் கேட்கிறதா என்பது பற்றியது. ஏதோ ஒரு ஓரத்தில் ஏதோ கேட்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஓரத்துக்கு எண்பதாயிரம் கொடுக்க எனக்கு மனசு வராது.

'இந்தச் சிப் வெல்வெட் மாதிரி, அந்தச் சிப் கூர்மை' என்று ஒரு பேச்சு உண்டு. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில், டேக் சிப் செய்கிற ஏகேஎம் கம்பெனியின் ஆலை எரிந்துபோனது. அந்தச் சிப்பை நம்பியிருந்தவர்கள் திண்டாடிப்போனார்கள். பலர் அதே பெட்டிக்குள் போட்டிக் கம்பெனியான இஎஸ்எஸ் சிப்பை வைத்து விற்க ஆரம்பித்தார்கள். நல்ல பொறியாளர் கையில் இரண்டு சிப்பும் அளவுகோலில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. என்னைக் கேட்டால் வெல்வெட் இருந்தது விளம்பரத் தாளில்தான்.

உண்மையாகவே வேறு மாதிரி ஒலிக்கும் டேக்குகளும் இருக்கின்றன, நாஸ் என்பார்கள். பழைய ரெசிஸ்டர் ஏணி, ஓவர்சாம்ப்ளிங் (பிலிப்ஸ் செய்த அந்தப் பல மடங்கு வேக ஓட்டம்) கிடையாது. சிடி தரப் பாட்டில் 20 கிலோஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபல் சரிந்துவிடும். அதைத்தான் இதமான ஒலி என்கிறார்கள். பிடித்திருந்தால் வாங்கலாம், ஆனால் அது துல்லியம் இல்லை, சாயம். அந்தச் சாயத்தை ஈக்வலைசரில் இலவசமாகவே பூசிக்கொள்ளலாம். நாற்பது தாண்டியவர்களில் பலருக்கு அந்தச் சரிவு நடக்கிற இடமே காதுக்கு எட்டாது என்பது வேறு சோகம்.

இப்போது 'ஒழுங்காகச் செய்த' என்பதற்கு வருகிறேன். மலிவுச் சாமான் எல்லாமே தங்கம் என்று நான் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் தொங்கவிட்டு விற்கிற சில யுஎஸ்பி-சி அடாப்டர்களுக்குள் டேக்கே கிடையாது, வெறும் ஒயர். போனுக்குள்ளிருந்து அனலாக் ஒலியை அனுப்புகிற வசதி உங்கள் மாடலில் இல்லாவிட்டால் அது செத்த ஒயர். ஆப்பிள் டாங்கிளைப் பல ஆண்ட்ராய்டு போன்களில் போட்டால் சத்தம் பாதியில் சிக்கிக்கொள்ளும். ஐரோப்பாவில் விற்கும் டாங்கிளோ பாதி வோல்டேஜ்தான் தரும். 300 ஓம் ஹெட்போனில், தாழ்ந்த அளவில் பதிவான கச்சேரியைக் கேட்டால் டாங்கிளுக்கு மூச்சு வாங்கும். ஆனால் அது ஆம்ப் பிரச்சினை, டேக் பிரச்சினை இல்லை.

எல்லாவற்றையும்விட அடிக்கடி வருவது கொர்ர்ர் என்ற சத்தம். லேப்டாப்பை ஆம்ப்போடு இணைத்ததும் ஒரு ஹம், மௌஸை நகர்த்தினால் கீச்சுக் கீச்சு. எர்த் சரியில்லாத பாயின்ட், இரண்டு பின் சார்ஜர் என்று நம் வீடுகளில் இதற்குக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. இதைக் கேட்டுவிட்டு "டேக் மட்டமானது" என்று முடிவு செய்து அடுத்த விலைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் டேக்குக்கு அதில் பங்கில்லை. ஆப்டிகல் ஒயரில் இணைக்க முடிந்தால் இணைத்துவிடுங்கள். வெளிச்சம்தான் போகும், மின்சாரம் போகாது, ஹம்மும் தாண்டாது.

அப்படியென்றால் லட்சம் கொடுத்தால் என்னதான் கிடைக்கிறது? நிறைய. கனமான அலுமினியப் பெட்டி, ரிமோட், பல இன்புட், பேலன்ஸ்டு வெளியீடு. ஜெர்மனியின் ஆர்எம்இ கம்பெனியின் ஏடிஐ-2 டேக்குக்குள்ளேயே நல்ல ஈக்வலைசர் இருக்கிறது. அதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அது காதுக்குக் கேட்கிற சமாச்சாரம். 1987-இல் கேம்பிரிட்ஜில் ஆரம்பித்த டிசிஎஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி (சிறுசேரி டிசிஎஸ் இல்லை, பயப்பட வேண்டாம்) கார் விலைக்கு டேக் விற்கிறது. பொறியியலாக அது பிரமாதம். வாங்குகிறவர்களைக் கேலி செய்ய நான் தயாரில்லை, நானே பேனாவுக்குக் கன்னாபின்னாவென்று செலவழிக்கிறவன்.

ஆனால் கையில் எண்பதாயிரம் இருந்து ஒலி முன்னேற வேண்டும் என்றால் அதில் முக்கால்வாசி ஸ்பீக்கருக்கும், கொஞ்சம் தரை ஜமுக்காளத்துக்கும் கனத்த திரைக்கும் போகட்டும். ஹெட்போன் ஆள் என்றால் இன்னும் மலிவு. யெரூன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017-இல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டு, ஒலிச் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்று காட்டினார். அங்கே நல்லதும் கெட்டதும் பெரிய வித்தியாசத்தோடு கேட்கும். எந்த விலையிலும் இரண்டும் கலந்து கிடக்கும். தேடுகிற உழைப்பை அங்கே போடுங்கள்.

அன்று நான் கிளம்பும்போது மாம்பலத்து நண்பன் கேட்டான், பெரிய டேக்கை விற்றுவிடவா என்று. செகண்ட் ஹேண்டில் பாதி விலைகூட வராது, வேண்டாம் என்றேன். அந்த வால்யூம் குமிழைத் திருப்பும்போது ஒரு கனம் இருக்கிறது, நானே கிளம்புவதற்கு முன்னால் ரெண்டு தடவை சும்மா திருப்பிப் பார்த்தேன்.